ஆறு வாரம் பரண் மேல் காய்ந்தது

நான் வீட்டில் செய்த ஆட்டுப்பால் சோப்பில் முதல் கட்டியை இன்று காலை எடுத்துக் கை கழுவினேன். வெட்டிவேர் வாசம் அப்படியே இருந்தது.

நிறமும் மாறவில்லை, அதுதான் பெரிய சந்தோஷம்.

போன முறை பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த ஆட்டுப்பாலை உறைய வைக்காமல், எண்ணெயைச் சோப்பாக்கும் காஸ்டிக் சோடாவைக் கலந்துவிட்டேன். சோடா கரையும்போது கிளம்பும் சூட்டில் பாலிலிருக்கும் சர்க்கரை கருகி, ஆரஞ்சு நிறமாகி, அம்மோனியா நெடி வேறு. குட்டி குடித்தது போக மிஞ்சிய பால் அது. மனசே ஆறவில்லை.

இந்த முறை 165 கிராம் பாலை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தேன். கையுறையும் கண்ணாடியும் போட்டு, ஜன்னலைத் திறந்து, 78 கிராம் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கட்டிகள் மேல் தூவிக் கிளறிக்கொண்டே இருந்தேன். கட்டிகள் கரையக் கரைய வெள்ளை மெதுவாக இளமஞ்சளாகி, அதோடு நின்றுவிட்டது. அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தேங்காய் எண்ணெய் 300, கடலை எண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50 கிராம். எல்லாமே தராசில் நிறுத்தது. சோடாவைக் கண்ணளவில் போடவே கூடாது, அலுமினியப் பாத்திரமும் ஆகாது, அரித்துவிடும். எண்ணெயில் அந்தப் பாலை ஊற்றிக் கலக்கி, மோர்க்குழம்பு பதம் வந்த அப்புறம்தான் வெட்டிவேர் எண்ணெய்.

கடைச் சோப்பைத் தேய்க்கும்போது அது எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. இதன் பால் எந்த ஆட்டுடையது, அன்று அது என்ன தழை தின்றது என்பது வரை தெரியும்.

இரண்டு கட்டியை அக்காவிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம கருப்பி பாலா இது?" என்றார்.