வெளிநாட்டுத் தன்னார்வப் பணி: இரண்டு நிராகரிப்புகளும் ஒரு மஞ்சள் அட்டையும்

வெளிநாட்டில் தன்னார்வப் பணி செய்ய வேண்டும் என்ற எண்ணம் வந்தபோது, எனக்குக் குறுக்கே நிற்பது பணம் மட்டுமே என்று நம்பினேன். ஓராண்டு முழுவதும் சேமிப்பதைத் தவிர வேறெந்த ஆயத்தமும் செய்யவில்லை. அந்த ஓராண்டில் செய்திருக்க வேண்டிய வேலைகள் வேறு என்பது, அடுத்தடுத்து இரண்டு விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்ட பிறகே விளங்கியது.

ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் திட்டத்தில் களப்பணிக்குத் தேர்வாகிறவர்களுக்கு வாழ்க்கைப்படியும் காப்பீடும் கிடைக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் இளையோர் தன்னார்வத் திட்டம் தங்குமிடம், உணவு, கைச்செலவு ஆகியவற்றை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் எல்லாக் கதவுகளும் எல்லோருக்கும் திறப்பதில்லை. அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் அந்நாட்டுக் குடிமக்களை மட்டுமே அனுப்புகிறது, ஐ.நா. திட்டத்தின் இளையோர் பிரிவுக்கு 18 முதல் 26 வயது வரை என்ற வரம்பு உண்டு. எனவே சேமிப்புக் கணக்கைப் பார்ப்பதற்கு முன், குடியுரிமை, வயது, பணி அனுபவம் ஆகிய மூன்றையும் வைத்து நமக்குப் பொருந்தாதவற்றைக் கழித்துவிடுவது நல்லது. பெருந்தொகையைக் கட்டணமாகக் கேட்கும் முகவர்களிடம், அத்தொகையில் எவ்வளவு களத்துக்குப் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். ஆதரவற்றோர் இல்லங்களில் சில வாரப் பணி என்று அழைப்பவர்களை நான் அறவே தவிர்த்தேன். தன்னார்வலர்கள் தரும் பணத்துக்காகவே, பெற்றோர் உள்ள பிள்ளைகளையும் இல்லங்களில் வைத்திருப்பது பல நாடுகளில் வெளிப்பட்டிருக்கிறது.

என்னை உண்மையில் தடுத்து நிறுத்தியது நேர்காணல்தான். முதல் விண்ணப்பத்தில் நேர்காணல்வரைகூடப் போகவில்லை; சேவை மனப்பான்மையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேனே தவிர, எனக்கு என்ன வேலை தெரியும் என்பதை ஒரு வரியிலும் சொல்லவில்லை. இரண்டாவதில் காணொளி நேர்காணலுக்கு அழைத்தார்கள். “உங்கள் குழுவில் ஒருவர் தம் பங்கு வேலையைச் செய்யாமல் விட்டபோது என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார் ஓர் அம்மையார். கூட்டு முயற்சியின் சிறப்பைப் பற்றி மூன்று நிமிடம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லது. இது எப்போது நடந்தது?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

இத்தகைய நேர்காணல்களில் எடைபோடப்படுவது கருத்து அல்ல, நடந்த நிகழ்ச்சி. சூழல் என்ன, என் பொறுப்பு என்ன, நான் செய்தது என்ன, விளைவு என்ன என்ற நான்கையும் அவர்கள் காதுகொடுத்துக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். அதன்பின் ஒரு குறிப்பேட்டில் என் அனுபவத்திலிருந்து எட்டு நிகழ்ச்சிகளை எழுதினேன். போதாதவற்றுக்காக எட்டு மாதம் ஒரு மாலை நேர வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அங்கே 14 மாணவர்களில் 5 பேர் திடீரென்று நின்றுவிட்டார்கள். நேரில் விசாரித்தபோது, வகுப்பு நேரம் அவர்களுடைய வேலை நேரத்தோடு மோதுவது தெரிந்தது. ஒரு மணி நேரம் தள்ளிவைத்ததும் 3 பேர் திரும்பினார்கள். மூன்றாவது நேர்காணலில் இதைச் சொன்னபோது, மற்ற இருவர் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். காரணத்தைக் கண்டறிய நான் போதிய முயற்சி எடுக்கவில்லை என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டேன். தேர்வானேன்.

தேர்வுக் கடிதம் வந்த பிறகுதான் ஆவணங்களின் படலம் தொடங்கியது. பட்டச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் என் பெயர் ஓர் எழுத்து வேறுபட்டிருந்தது. அதைச் சரிசெய்ய ஏழு வாரம் ஆயிற்று. செல்லும் நாடு 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்திருந்தால் சான்றிதழ்களுக்கு, அவை உண்மையானவை என்று நம் அரசு உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரை போதும். இல்லையென்றால் தூதரகம்வரை போக வேண்டியிருக்கும். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் எதிர்பார்க்கின்றன. சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளமில்லாமல்தானே வேலை செய்கிறோம் என்று எண்ணாதீர்கள். பல நாடுகளின் சட்டத்தில் அதுவும் வேலைதான். எந்த வகை விசா தேவை என்பதை அழைக்கும் அமைப்பிடம் கடிதமாகவே வாங்கிவிடுங்கள்.

என் பெரிய தவறு தடுப்பூசியில் நேர்ந்தது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்கு ஆறு நாள் முன்பு போட்டுக்கொண்டேன். தடுப்பூசி போட்டதற்கான பன்னாட்டுச் சான்றான மஞ்சள் அட்டையைக் கையில் கொடுத்த செவிலியர் பயணத் தேதியைக் கேட்டார். சொன்னதும், அட்டையில் தேதி எழுதியிருந்த இடத்தைப் பேனாவால் தட்டிக் காட்டினார்: ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று 2016 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதியை ஆர்வத்தோடு படித்திருந்த நான், பக்கத்திலேயே இருந்த பத்து நாள் விதியைக் கவனிக்கவில்லை. எது அதிக நாள் எடுக்குமோ அதை முதலில் தொடங்க வேண்டும் என்று இப்போது கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

பயணச்சீட்டின் தேதியை மாற்ற அபராதம் கட்டினேன். ஓராண்டு சேமித்த பணத்தில், நான் எதிர்பாராமல் செலவழித்தது அது ஒன்றைத்தான்.