முறுக்கு அச்சு உடைந்த வருஷம்

மக்கள் தொடர்பு வேலைக்கு எப்படி வந்தாய் என்று கேட்டால், பாட்டியின் தீபாவளி முறுக்குதான் காரணம் என்பேன்.

சிங்கப்பூரின் தோ பாயோவில், எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கில் பாதி வீடுகளுக்குப் பாட்டிதான் முறுக்கு சுடுவார். ஒரு வருஷம் அச்சு உடைந்துவிட்டது. "அவங்க வந்து கேக்குறதுக்கு முன்னாடி நீ போய்ச் சொல்லிட்டு வாடா" என்று என்னை அனுப்பினார். மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காத காலம். "அச்சு உடைஞ்சிருச்சு, முறுக்கு நாளைக்கு வந்துடும், அதுவரைக்கும் இந்த அதிரசம்" என்று வீடு வீடாகச் சொன்னேன். மக்சிக் என்று நாங்கள் அழைக்கும் மலாய் அம்மாவிடம் மலாயில், சீன ஆன்ட்டியிடம் பாதி சைகையில். மூன்றாம் மாடி மாமா அதிரசத்தைக் கடித்துக்கொண்டே, "அடுத்த வருஷமும் அச்சு உடையுமா?" என்றார்!

இன்று ஏதாவது நிறுவனத்தில் பிரச்சினை என்றாலும் நான் எழுதும் அறிக்கையில் அந்த மூன்றும்தான் இருக்கும்: என்ன ஆனது, எப்போது சரியாகும், அதுவரை என்ன தருகிறோம்.

இன்னொன்று. ஆங்கில அறிக்கையை அவசரமாகத் தமிழாக்கி அனுப்பச் சொன்னால் நான் ஒத்துக்கொள்வதே இல்லை. தமிழ் முரசு நாளிதழுக்குத் தனியாக எழுதுவேன், ஒலி 96.8 வானொலிக்கு வாய்விட்டுப் படித்துப் பார்த்து எழுதுவேன்.