வரைபடத்தில் இல்லாத வேப்பமரம்

மலேசியாவின் பேராக்கில் எங்கள் தோட்டத்து டவுனில் எந்த இடம் எதற்கு என்று சொல்லும் உள்ளூர்த் திட்ட வரைவு மக்கள் பார்வைக்கு வந்திருக்கிறது. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 4 வாரம் உண்டு. சரி, விடக்கூடாது என்று நேற்றிரவு கோயில் மண்டபத்தில் கூடினோம்.

திட்ட வரைபடத்தில் ஒட்டுக்கடைகள், அதாவது சாலையோரச் சிறு கடைகள், இல்லை. அந்த இடம் கார் நிறுத்துமிடமாம்! முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பாட்டி ஒருவர், வாசிக்கத் தெரியாதவர், என் கையைப் பிடித்துத் தாளின் மேல் நகர்த்தினார். "இங்கதான் தம்பி வேப்பமரம். இந்த நிழல்லதான் பஸ்ஸுக்கு நிப்போம்." ரப்பர் பால் கறை ஏறிய விரல் அது. அங்கே சிவப்பில் வட்டம் போட்டேன்.

ஆட்சேபம் எழுதும் பாரம் (படிவம்) மலாய் மொழியில் இருந்தது. படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டி நிரப்பினார்கள். அப்புறம் 23 பாரம் சேர்ந்தது. திங்கள் காலை கொடுத்துவிட்டு, நகலில் முத்திரை வாங்க வேண்டும்.