பற்றரி மாற்றினால் போன் கேட்கும் கேள்வி

மட்டக்களப்பில் சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் வீட்டுக்காரரே கெப்பாசிட்டரைக் கழற்றிக்கொண்டு கடைக்கு வந்துவிடுவார். 2.5 மைக்ரோஃபரட், 440 வோல்ட் என்று அதிலேயே எழுதியிருக்கும். அளவு சரியென்றால் எந்தக் கம்பனிச் சாமானும் பொருந்தும். ஐபோன் பற்றரியில் அது நடக்காது.

2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களிலிருந்து, பற்றரியின் தலைப்பக்கத்திலுள்ள சின்ன போர்டைப் போன் அடையாளம் பார்க்கிறது. வெளிப் பற்றரி, அதாவது ஆப்பிள் அல்லாத வேறு கம்பனிப் பற்றரி போட்டாலும் போன் ஓடும். ஆனால் ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று செய்தி வரும். ஐஓஎஸ் 18க்கு முந்திய மென்பொருளில் பற்றரி ஹெல்த் சதவீதமும், அதாவது புதிதாக இருந்ததோடு ஒப்பிட்டால் இப்போது எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற கணக்கும் காட்டாது.

இதற்குத் திருத்துபவர்கள் கண்ட வழி, பழைய போர்டை வெட்டி எடுத்து, புதிய செல்லில் (பற்றரியில் மின்சாரம் சேமிக்கும் பகுதி) ஸ்பொட் வெல்டிங் செய்வது, அதாவது ஒரு கணம் மின்சாரம் பாய்ச்சித் தகட்டை ஒட்டவைப்பது. செல்லின் இரண்டு தகடுகளையும் ஒரே வெட்டில் அறுத்தால் கத்தரியே ஷோர்ட் ஆக்கிவிடும். ஒன்றை வெட்டி, வெப்பம் தாங்கும் டேப்பால் மூடிய பிறகுதான் மற்றதைத் தொடவேண்டும். சோல்டரிங் அயன் வைக்கவே கூடாது, சூடு செல்லுக்குள் இறங்கிவிடும். இவ்வளவும் செய்தாலும் பழைய போர்டு பழைய கணக்கையே வைத்திருக்கும். புதுச் செல்லுக்கு 78 சதவீதம் என்று காட்டினால் வாடிக்கையாளர் நம்புவாரா? அதை மாற்ற புரோகிராமர் என்று இன்னொரு கருவி வேண்டும். ஒரு பற்றரிக்கு இத்தனை கூத்து!

செய்தி வருவதைக் குறை சொல்ல முடியாது. செகண்ட்ஹேண்ட் போன் வாங்குபவருக்கு உள்ளே என்ன மாறியது என்று தெரியத்தான் வேண்டும். சதவீதத்தை மறைத்ததுதான் அநியாயம். காசு கொடுத்து வாங்கியவருக்கே தன் பொருளின் நிலை தெரியாமல் போனது.

அமெரிக்காவின் ஒரேகன் மாநிலம் 2024இல் இப்படிப் பாகங்களை ஒரே போனோடு பூட்டிவைப்பதைச் சட்டத்தால் தடுத்தது. அது 2025 தொடக்கத்துக்குப் பிறகு செய்த சாதனங்களுக்குத்தான். இங்கே மேசைக்கு வருபவை பெரும்பாலும் அதற்கு முந்தியவை.

ஆகவே வெளிப் பற்றரி என்றால் அப்படியே பில்லில் எழுதி வாங்குங்கள். வாவியில் தோணி விடுபவர்கள் இன்னொன்றும் கேட்கவேண்டும்: திரையைச் சுற்றியுள்ள ஒட்டுப்பட்டை புதிதாகப் போட்டதா? போனைத் திறந்தால் பழையது கிழிந்துவிடும். அதைப் போடாமல் மூடிய போனுக்குள் உப்புத்தண்ணீர் லேசாகப் போய்விடும்.