கனடாவில் முதல் லேண்டிங்: விமான நிலையத்தில் எதைச் சரிபார்க்க வேண்டும்

விசா ஒட்டிய பாஸ்போர்ட்டும், நிரந்தர வசிப்புரிமையை (பிஆர்) உறுதிசெய்யும் சிஓபிஆர் தாளும் கைக்கு வந்ததுமே பலரும் ‘பிஆர் கிடைத்துவிட்டது’ என்று சொல்லிவிடுகிறார்கள். சட்டப்படி இன்னும் கிடைக்கவில்லை. கனடாவில் முதலில் இறங்கும் விமான நிலையத்தில் அதிகாரி உங்களை விசாரித்து, அந்தத் தாளில் தேதியிட்டுக் கையெழுத்துப் போடும்போதுதான் நீங்கள் பிஆர் ஆகிறீர்கள். இதைத்தான் லேண்டிங் என்கிறார்கள். அந்த மேசையில் நிற்கும் நேரம் குறைவுதான். ஆனால் அங்கே பதிவாகும் பெயர், குடும்ப விவரம், பொருள் பட்டியல், முகவரி ஆகியவை பல ஆண்டுகளுக்குக் கூடவே வரும். வெளியே வந்தபின் திருத்துவது பெரும்பாடு.

சிஓபிஆரில் ஒரு காலாவதித் தேதி இருக்கும். பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனை முடிந்து ஓராண்டு. பாஸ்போர்ட் அதற்கு முன்பே முடிகிறதென்றால் பாஸ்போர்ட்டின் தேதி. குடும்பத்தில் ஒருவர் மருத்துவப் பரிசோதனைக்கு முன்பின்னாகப் போயிருந்தால் அவருடைய தாளில் தேதி வேறாக இருக்கலாம். ஆகவே ஒரு தாளைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் டிக்கெட் போடாதீர்கள். நீட்டிப்பு கிடைக்கும் என்று நம்பியிருக்கவும் வேண்டாம். இன்னொன்று: முதன்மை விண்ணப்பதாரர் முதலில் போகலாம், அல்லது எல்லோரும் சேர்ந்து போகலாம். துணையும் பிள்ளைகளும் அவருக்கு முன்பாக லேண்டிங் செய்ய முடியாது.

சிஓபிஆர் வந்த பிறகு, விமானம் ஏறுவதற்குள் திருமணம் நடந்தாலோ, விவாகரத்து ஆனாலோ, குழந்தை பிறந்தாலோ பயணத்தை நிறுத்திவைத்துவிட்டு, கனடாவின் குடிவரவுத் துறையான ஐஆர்சிசிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். இந்த முழு நடைமுறையிலும் ஈடுசெய்ய முடியாத இழப்பு நேர்வது இந்த ஒரு விஷயத்தில்தான். ‘டிக்கெட் போட்டாச்சு, முதலில் போய் இறங்கிவிடுங்கள், மனைவியைப் பிறகு ஸ்பான்சர் செய்துகொள்ளலாம்’ என்று யார் யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். குடிவரவு ஒழுங்குவிதிகளின் 117(9)(டி) பிரிவுப்படி, லேண்டிங்கின்போது சொல்லாமல் விடப்பட்டு, அதனால் குடிவரவுத் துறையின் பரிசோதனைக்கு உட்படாத கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ பின்னாளில் குடும்ப வகையில் ஸ்பான்சர் செய்ய முடியாமல் போகும். உங்களோடு கனடாவுக்கு வராதவர்களையும் சொல்லியே ஆக வேண்டும். முன்னாள் துணையிடம் வளரும் பிள்ளையும் இதில் அடக்கம். சார்ந்திருக்கும் பிள்ளையாக விண்ணப்பத்தில் சேர்த்த மகனோ மகளோ லேண்டிங் நாளன்றும் திருமணம் ஆகாதவராக இருக்க வேண்டும்.

டிக்கெட் விஷயத்துக்கு வருவோம். லேண்டிங் நடப்பது நீங்கள் போய்ச்சேரும் ஊரில் இல்லை, கனடா மண்ணில் முதலில் இறங்கும் விமான நிலையத்தில். கால்கரிக்கோ வின்னிபெக்குக்கோ போகிறவர் டொராண்டோவில் விமானம் மாறினால் டொராண்டோவில்தான் எல்லா வேலையும். இரண்டு மணி நேர இடைவெளி போதும் என்று டிக்கெட் தளங்கள் காட்டும். அது சாதாரணப் பயணிக்குப் போட்ட கணக்கு. குறைந்தது நான்கு மணி நேரம் வையுங்கள். பல சர்வதேச விமானங்கள் அடுத்தடுத்து இறங்கும் நேரங்களில் குடிவரவு அறையில் வரிசை நீளும். அதற்குப் பிறகு பெட்டிகளை எடுத்துக்கொண்டு சுங்கத்துக்கும் போக வேண்டியிருக்கும். கனடாவுக்குள் மாறும் விமானமும் அதே முன்பதிவில் இருக்கட்டும். தனியாக மலிவு டிக்கெட் எடுத்து, அந்த விமானம் தவறினால் பணம் போனது போனதுதான்.

எல்லாத் தாள்களும் கைப்பையில் இருக்க வேண்டும். குடிவரவு மேசை, பெட்டி வரும் இடத்துக்கு முன்னால் இருக்கிறது; செக்-இன் பெட்டியில் போட்ட ஆவணம் அந்த நேரத்தில் உங்கள் கையில் இருக்காது. ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட், சிஓபிஆர், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பணம் இருப்பதற்கான வங்கிக் கடிதம், பொருள் பட்டியல் இரண்டு பிரதி, கனடா முகவரி அஞ்சல் குறியீட்டுடன், ஒரு பேனா. விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்து நீங்கள் புதிதாக எடுத்திருந்தால் இரண்டையும் கொண்டுவாருங்கள். பிள்ளை ஒரு பெற்றோருடன் மட்டும் வருகிறதென்றால், மற்றவர் கையெழுத்திட்டு நோட்டரி சான்றளித்த சம்மதக் கடிதம் வேண்டும். சிஓபிஆரில் கையெழுத்திட இடம் இருக்கிறதே என்று வீட்டிலேயே போட்டுவிடாதீர்கள். அது அதிகாரியின் முன்னிலையில் போட வேண்டிய கையெழுத்து. புறப்படும் இடத்தில் விமான நிறுவன ஊழியர் ரிட்டர்ன் டிக்கெட் கேட்டால், பதற்றமில்லாமல் விசாவையும் சிஓபிஆரையும் காட்டுங்கள். குடியேறப் போகிறவருக்குத் திரும்பும் டிக்கெட் தேவையில்லை.

இறங்கியதும் முதலில் வருவது தானியங்கி கியோஸ்க். பாஸ்போர்ட்டை வைத்தால் படம் எடுத்து, சுங்கக் கேள்விகள் கேட்டு, ஒரு ரசீது தரும். கனடா அரசின் அரைவ்கேன் செயலியில் இந்தச் சுங்கக் கேள்விகளுக்கு 72 மணி நேரம் முன்பிருந்தே பதில் பதிந்துவைக்கலாம். கட்டாயமில்லை, நேரம் மிச்சம். கியோஸ்குக்கு அடுத்து நிற்கும் அதிகாரியிடம் ‘பிஆர் லேண்டிங்’ என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். அவர் ரசீதில் குறியிட்டுக் குடிவரவு அறைக்கு அனுப்புவார். களைப்பில் எல்லோரும் போகும் வழியிலேயே போய், லேண்டிங் முடிக்காமல் வெளிவாசல் வரை வந்துவிடக் கூடாது. சிஓபிஆரில் அதிகாரியின் கையெழுத்து விழாமல் பெட்டி எடுக்கும் இடத்தைத் தாண்டாதீர்கள்.

குடிவரவு மேசையில் கேட்பது சில கேள்விகள்தான். குற்றவழக்கில் தண்டனை உண்டா, எந்த நாட்டிலாவது நுழைவு மறுக்கப்பட்டதா, வெளியேறச் சொன்னார்களா, தாளில் இல்லாத துணையோ பிள்ளையோ உண்டா. சிலரிடம் எவ்வளவு பணம் கொண்டுவந்திருக்கிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்றும் கேட்பார்கள். ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் (திறன்சார் பணியாளர்) வகையில் வருபவர், குடியேற்ற நிதி தன்னிடம் இருப்பதைக் காட்ட வேண்டியிருக்கும்: தனி நபருக்கு 2024-இல் 14,690 கனடா டாலர், ஆண்டுதோறும் மாறும், குடும்பத்தினர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடும். இதை ரொக்கமாகக் காட்ட வேண்டியதில்லை. சமீபத்திய தேதியிட்ட வங்கிக் கடிதம் போதும். கேட்டதற்கு மட்டும் சுருக்கமாக, உண்மையாகப் பதில் சொல்லுங்கள்.

இந்த மேசையில் நிதானமாகப் பார்க்க வேண்டியது பெயர். தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. பல பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக, இயற்பெயர் மட்டும் இருக்கும். சிலவற்றில் தந்தை பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும்; அப்போது கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு வேறு, பிள்ளைக்கு இன்னொன்று. இனிஷியலை ஒருவர் விரித்து எழுதியிருப்பார், இன்னொருவர் எழுதியிருக்க மாட்டார். கனடாவில் ஒற்றைப் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் குடும்பப் பெயரின் இடத்துக்குப் போய், இயற்பெயரின் இடம் காலியாகிவிடும். சிஓபிஆரில் எப்படி இருக்கிறதோ அப்படியே பிஆர் அட்டையிலும் வரும். சமூகக் காப்பீட்டு எண், வங்கிக் கணக்கு, மருத்துவ அட்டை எல்லாவற்றுக்கும் அதுவே ஆதாரமாகும். ஓர் எழுத்து பிசகினாலும் ஒவ்வோர் அலுவலகத்திலும் விளக்கம் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டையே திருத்திப் பெயரைப் பிரித்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், அதை விண்ணப்பிக்கும் முன்பே முடித்திருப்பதுதான் நல்லது.

அதிகாரி தாளைத் திருப்பித் தந்ததும் நகராமல் வாசியுங்கள்: பெயரின் எழுத்துகள், பிறந்த தேதி, பிறந்த நாடு, பாஸ்போர்ட் எண், நீங்கள் பிஆர் ஆன தேதி, இறங்கிய இடம், அதிகாரியின் கையெழுத்து. தவறு இருந்தால் அங்கேயே மரியாதையாகச் சொல்லுங்கள். வெளியே வந்துவிட்டால் ஐஎம்எம் 1436 என்ற படிவத்தில் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். பிஆர் ஆன தேதியை அலட்சியமாக விடாதீர்கள். ஐந்தாண்டுக்கு 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும் என்ற கணக்கு அன்றுதான் தொடங்குகிறது. இந்தத் தாள் தொலைந்தால் மறுபிரதி தருவதில்லை. நிலையை உறுதிசெய்யும் வேறொரு ஆவணம்தான் தருவார்கள். அன்றைக்கே ஸ்கேன் செய்து வைத்துவிட்டு, அசலைப் பத்திரப்படுத்துங்கள்.

அஞ்சல் முகவரி கேட்பார்கள். பிஆர் அட்டை அங்கேதான் வரும். கனடாவுக்கு வெளியே அனுப்ப மாட்டார்கள். தற்காலிக அறைக்கு வருபவர், அடுத்த சில மாதங்களுக்கு இடம் மாறாத உறவினர் அல்லது நண்பர் முகவரியைக் கேட்டு வாங்கிக் கொடுப்பது பாதுகாப்பு. அடுக்குமாடி என்றால் யூனிட் எண்ணை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் போன அட்டை திரும்பிப் போகும். முகவரியே இல்லையென்றால் பிறகு ஆன்லைனில் தரலாம், ஆனால் 180 நாளுக்குள். தாண்டினால் 50 டாலர் கட்டி அட்டைக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்து பெட்டிகளோடு சுங்கம். கையில் 10,000 கனடா டாலரோ அதற்கு மேலோ இருந்தால் அறிவிக்க வேண்டும். எவ்வளவு கொண்டுவந்தாலும் அதற்கு வரி கிடையாது, வரம்பும் கிடையாது. மறைத்தால்தான் அபராதமும் பறிமுதலும். ரொக்கம் மட்டும்தான் கணக்கு என்று நினைத்துத் தவறுகிறவர்கள் பலர். டிமாண்ட் டிராஃப்ட், பயணிகள் காசோலை, பங்குப் பத்திரம் எல்லாம் கூட்டினால் வரும் தொகைதான் கணக்கு. வங்கி வழியாக முன்பே அனுப்பிய பணம் இதில் சேராது.

பொருள் பட்டியல்தான் பலரும் சோம்பல்படும் இடம், பின்னால் வருந்தும் இடமும். படிவம் பிஎஸ்எஃப் 186. ஒரு பட்டியல், இப்போது கொண்டுவரும் பொருள்களுக்கு; மற்றொன்று, பிறகு வரப்போகும் பொருள்களுக்கு. இரண்டிலும் பொருளின் பெயர், தயாரிப்பு, மாடல், வரிசை எண், கனடா டாலரில் மதிப்பு. பிறகு கப்பலில் வருவதை இந்த முதல் நாளிலேயே பட்டியலிட்டு முத்திரை வாங்காவிட்டால் அவற்றுக்கு வரிவிலக்குக் கோர முடியாது. அதனால் பின்னால் எதுவும் வராது என்று தோன்றினாலும், வர வாய்ப்புள்ளவற்றை எழுதிக் கொடுங்கள். விலக்குக்கான நிபந்தனை: வருவதற்கு முன்பே அந்தப் பொருள் உங்களுக்குச் சொந்தமாக, உங்கள் கையில், பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். திருமணப் பரிசுகளுக்கு மட்டும், பயன்படுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பொருந்தாது; ஆனால் திருமணம் வருகைக்கு முன்னோ பின்னோ மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரே பொருளின் மதிப்பு 10,000 டாலரைத் தாண்டினால் கூடுதல் தொகைக்கு வரி. விலக்கில் கொண்டுவந்ததை ஓராண்டுக்குள் விற்றாலோ யாருக்கேனும் கொடுத்தாலோ வரி கட்ட வேண்டும்.

தங்க நகையைக் கழுத்திலும் கையிலும் போட்டுவந்தாலும் பட்டியலில் எழுதுங்கள். ‘வளையல் 4’ என்று எழுதினால் எதற்கும் உதவாது. மதிப்பீட்டாளர் தந்த சான்றில் உள்ள வாசகத்தை அப்படியே எழுதி, அவர் தேதியிட்டுக் கையெழுத்திட்ட புகைப்படங்களை இணையுங்கள். பின்னொரு நாள் வெளிநாடு போய் அதே நகையோடு திரும்பும்போது, புதிதாக வாங்கியது இல்லை என்று காட்ட அந்தப் படம்தான் சாட்சி.

இறைச்சி, பால் பொருள், விதை, செடி, பழம், பசுந்தழை எது இருந்தாலும் கியோஸ்கில் ‘ஆம்’ என்று அழுத்துங்கள். அறிவித்த பொருளுக்கு அனுமதி இல்லையென்றால் அது குப்பைக்குப் போகும், அவ்வளவுதான். அறிவிக்காமல் பிடிபட்டால் அபராதம். மருந்து 90 நாள் அளவுக்கு மேல் வேண்டாம். பெயர் ஒட்டிய அசல் உறையிலேயே, மருத்துவர் சீட்டுடன் இருக்கட்டும்.

சமூகக் காப்பீட்டு எண் இல்லாமல் சம்பளம் வாங்க முடியாது. சிஓபிஆரும் பாஸ்போர்ட்டும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் கனடா அலுவலகம் போனால் இந்த ஒன்பது இலக்க எண்ணை இலவசமாகத் தருவார்கள். மருத்துவக் காப்பீடு மாகாணத்துக்கு மாகாணம் மாறும். ஒன்டாரியோவில் மூன்று மாதக் காத்திருப்பை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மிச்சமும் அடுத்த இரண்டு மாதமும் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குத் தனியார் காப்பீடு இல்லாமல் இருக்கவே கூடாது, முக்கியமாகக் கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் இருக்கும் வீட்டில்.

லேண்டிங் முடித்துவிட்டு உடனே ஊருக்குத் திரும்பி, பிறகு நிரந்தரமாக வர நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பிஆர் விசா பெரும்பாலும் ஒருமுறை நுழைவுக்கு. லேண்டிங்கோடு அதன் வேலை முடிந்தது. சிஓபிஆரைக் காட்டி மறுபடி விமானம் ஏற முடியாது. அட்டை வந்தபின் கிளம்புவது ஒரு வழி. முடியாதென்றால், அட்டை வரும் முகவரியில் இருப்பவர் அதை நம்பகமான கூரியரில் அனுப்ப ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால், வெளிநாட்டிலிருந்தபடி பிஆர் பயண ஆவணத்துக்கு ஆளுக்கு 50 டாலர் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். அது கையில் கிடைத்த பிறகே திரும்பும் டிக்கெட்டைப் போடுங்கள்.