முப்பது, அறுபது, முப்பது

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சித்தியடைந்து பள்ளிக்கு வந்தவன் நான். கணக்கென்றால் உயிர். ஆனால் எட்டாம் வகுப்பில் அதையே வெறுத்தேன். வேறு வழியிலும் விடை வருமா என்று கேட்டால், "அதிகப்பிரசங்கித்தனம்" என்று இருத்திவிடுவார்கள். கேட்பதை நிறுத்தினேன். புள்ளியும் இறங்கியது.

ஒன்பதில் எங்கள் கணித சேர் வந்தார். 1993. போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஓரிரவு ஜாம் போத்தல் விளக்கில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன்: கவராயமும் அடிமட்டமும் மட்டும் கொண்டு எந்தக் கோணத்தையும் மூன்று சம பங்காக்கும் வழி. கோணத்தின் இரு கோடுகளிலும் உச்சியிலிருந்து சம தூரத்தில் புள்ளி வைத்து இணைத்து, அந்த இணைப்புக் கோட்டை மூன்று சம துண்டாகப் பிரித்து, பிரித்த புள்ளிகளை உச்சியோடு சேர்த்தால் சரி.

சேர் கொப்பியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கு. எந்தக் கோணத்துக்குச் செய்து பார்த்தனீர்?"

"நாற்பத்தைந்து, சேர். மூண்டும் பதினைந்துதான் வருது."

"நூற்றிருபதுக்குச் செய்யும்." வெண்கட்டியை என்னிடம் தந்துவிட்டுக் கடைசி வாங்கில் போய் இருந்தார்.

கரும்பலகையில் கீறினேன். பெரிய பாகைமானியை வைத்து அளந்தேன். 30, 60, 30.

வெட்கமே வரவில்லை. ஏன் என்று அறியும் ஆவல்தான் பொங்கியது. அப்படிப் பிரிக்க ஒரு பொதுவழி இருக்கவே முடியாது என்று வான்ட்செல் என்ற பிரெஞ்சுக்காரர் 1837இல் நிறுவியதாக அப்புறம் சேர் சொன்னார்.

"எப்படி சேர்?"

"அது எனக்குத் தெரியாது தம்பி. நீர் பல்கலைக்கழகத்தில படிச்சு வந்து எனக்குச் சொல்லும்."

இன்று ரொறன்ரோவில் நானும் கணிதம் படிப்பிக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைக்கு இன்னும் இருபது கணக்குக் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அந்தப் பிள்ளைக்குத் தண்டனை. "எனக்குத் தெரியாது" என்று ஆசிரியர் சொன்ன அந்த ஒரு சொல்தான் என்னை உயர்தரம் வரை, அதற்கப்பாலும் இழுத்துப்போனது.

1995இல் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது அந்தக் கொப்பி தொலைந்துவிட்டது. 2002இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்ததும் சேரின் வீட்டுக்குப் போனேன். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் 60 பாகையை எடுத்து, அதன் மூன்றிலொரு பங்கான 20 பாகையின் கோசைனுக்கு வரும் முப்படிச் சமன்பாட்டை எழுதினேன். அதற்கு விகிதமுறு மூலம், அதாவது பின்னமாக எழுதக்கூடிய விடை, இல்லை. கவராயத்தாலும் அடிமட்டத்தாலும் வர்க்கமூலம் வரைக்கும்தான் போகலாம். இந்த மூலம் அவற்றுக்கு எட்டாது.

சேர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தாளின் மேல் குனிந்தார். "பொறும், அந்த இடத்தைத் திருப்பிச் சொல்லும்."