பதினெட்டு வினாடிச் சண்டைக்கு அரை மணி நேரம்

ஆளுக்கு ஒரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டிக் கதையை ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், சண்டையின் ஒரு ரவுண்டு, அதாவது எல்லோரும் ஒரு முறை ஆடி முடிக்கும் சுற்று, கதைக்குள் 6 வினாடிதான். மேசையைச் சுற்றி நான்கு ஆட்டக்காரர்கள் இருந்து, ஆளுக்கு 2 நிமிடம் எடுத்துக்கொண்டு, கதையை நடத்தி, எட்டு காப்ளின்களை (குட்டி அரக்கர்களை) ஆட்டுவிக்கும் டஞ்சன் மாஸ்டருக்கு இன்னொரு 4 நிமிடம் ஆனால், அந்த 6 வினாடியை ஆடி முடிக்க 12 நிமிடம் போய்விடுகிறது. மூன்று ரவுண்டு ஆடினால் அரை மணி நேரம் தாண்டிவிடும். இதில் யாரையும் மந்தம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தன் முறையை முடித்த ஒருவர் அடுத்த முறைக்காக 10 நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கிறார், கை தானாகக் கைபேசியைத் தேடுகிறது, முறை திரும்பி வரும்போது "இப்போது யார் எங்கே நிற்கிறார்கள்?" என்ற கேள்வி எழுகிறது, அதற்கு விளக்கம் சொல்ல மேலும் ஒரு நிமிடம் கரைகிறது. மெதுவாகப் போகும் சண்டை இப்படித்தான் தன்னை மேலும் மெதுவாக்கிக்கொள்கிறது.

இதற்கு மருந்தாகப் பலரும் சொல்வது, ஒவ்வொருவர் முறைக்கும் நேரம் வைக்கும் மணற்கடிகாரம். எனக்கு அதில் உடன்பாடில்லை. புதிதாக ஆட வந்த ஒருவர் தன் ஸ்பெல் (மந்திரம்) பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது முகத்துக்கு நேரே மணல் இறங்கினால், அவருக்கு யோசனை வேகமாக வந்துவிடாது. கையில் கிடைத்ததை வீசிவிட்டு ஒதுங்கிக்கொள்வார், அடுத்த வாரம் வராமலும் போவார். ஆட்டக்காரரின் யோசனையைக் காட்டிலும் அதிக நேரத்தை விழுங்குவது, விடை ஏற்கெனவே தெரிந்துவிட்ட கேள்விகளுக்காக நாம் பகடை உருட்டிக்கொண்டிருப்பதுதான் என்பது என் கருத்து.

ஒரு காப்ளினையே எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் பதிப்பின் 2014ஆம் ஆண்டு வடிவில் அதற்கு 7 ஹிட் பாயிண்ட் (உயிர்க் கணக்கு, அது தீர்ந்தால் சாவு). சிறிய வாளால் அடிக்கும் ஒரு ரோகின் (திருடர் வகைப் பாத்திரத்தின்) அடி ஒரு ஆறுமுகப் பகடையோடு 3 கூட்டியது என்றால், பகடையில் 4, 5, 6 விழுந்தால் காப்ளின் சாகும். 1, 2, 3 விழுந்தால் முறையே 3, 2, 1 ஹிட் பாயிண்டோடு உயிர் தப்பும். அதாவது, குறி தப்பாத அடிகளிலும் பாதி, குற்றுயிராகக் கிடக்கும் ஒரு காப்ளினை மேசையில் விட்டுவைக்கின்றன. அதன் மிச்சக் கணக்கை டஞ்சன் மாஸ்டர் குறித்துவைக்க வேண்டும், இன்னொருவர் தன் முறையை அதற்காகச் செலவழிக்க வேண்டும், அவருடைய அடி குறி தப்பினால் அந்த ஒற்றை ஹிட் பாயிண்டுக்காக இன்னும் ஒரு முறை. நான் அந்தக் காப்ளினை அங்கேயே விழவைத்துவிடுவேன். இதை ஏமாற்று என்று சொல்பவர்கள், புத்தகத்தில் அந்த மிருகத்தின் எண்களைத் தரும் விவரக் கட்டத்தில் 7க்குப் பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்க்கவேண்டும்: இரண்டு ஆறுமுகப் பகடைகள். 7 என்பது வெறும் சராசரி. விதிப்படியே ஒரு காப்ளினுக்கு 2 ஹிட் பாயிண்டும் இருக்கலாம், 12ம் இருக்கலாம். ஓகர் என்ற பெரிய அரக்கனுக்கும் அப்படித்தான். அதன் 59 என்பது ஏழு பத்துமுகப் பகடைகளோடு 21 கூட்டியதன் சராசரி, உண்மையான வீச்சு 28 முதல் 91 வரை. நான்கு பேர் சேர்ந்து ரவுண்டுக்கு 28 வீதம் அடித்தால் இரண்டாம் ரவுண்டின் முடிவில் அந்த ஓகருக்கு 3 ஹிட் பாயிண்ட் மிஞ்சும். அந்த மூன்றைத் தேய்க்க மூன்றாம் ரவுண்டு தொடங்குவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. 2008இல் வந்த நான்காம் பதிப்பு, ஒரே ஒரு ஹிட் பாயிண்ட் உள்ள அடியாள் மிருகங்களைத் தனி வகையாகவே வைத்திருந்தது. அந்தப் பதிப்பின் சண்டைகள் நீளமானவை என்ற பெயர் இருந்தாலும், இந்த ஒரு யோசனையை இன்றும் தாராளமாகக் கடன் வாங்கலாம்.

ஃபயர்பால் என்ற நெருப்புருண்டை ஸ்பெல் இதைவிடச் சுவையான வழக்கு. விசார்ட் (மந்திரவாதிப் பாத்திரம்) எட்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டுகிறார், சராசரி 28. உடனே டஞ்சன் மாஸ்டர் எட்டு காப்ளின்களுக்கும் தனித்தனியாகச் சேவிங் த்ரோ (தப்பிப்பதற்கான உருட்டல்) உருட்டத் தொடங்குவார், ஏனென்றால் அதில் தேறியவருக்குப் பாதிச் சேதம்தான். ஆனால் 28இல் பாதி 14, காப்ளினுக்கு இருப்பதோ 7. மொத்தம் 14க்குக் குறையாமல் வந்தால் தேறினாலும் சாவுதான், தேறாவிட்டாலும் சாவுதான். எட்டுப் பகடைகள் 13 அல்லது அதற்குக் கீழே விழுவது ஆயிரத்தில் ஒரு தடவைகூட இல்லை. ஆகவே அந்த எட்டு உருட்டல்களும் வீண். "புகை அடங்கும்போது யாரும் நிற்கவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடலாம், விசார்டுக்கும் அதுதான் பெருமை.

மிருகங்கள் அடிக்கும் முறையிலும் இதே சிக்கனம் செல்லும். ஒரே வகை மிருகங்களுக்குச் சேர்த்து ஒரே இனிஷியேட்டிவ் (யார் முறை எப்போது என்று தீர்மானிக்கும் எண்) உருட்டலாம் என்று விதியே சொல்கிறது, விவரக் கட்டத்தில் சராசரிச் சேதமும் தயாராக இருக்கிறது. எதிரே நிற்பவரின் ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்ட வேண்டிய எண்) 16, காப்ளினின் தாக்குதல் உருட்டலில் கூட்டுவது 4 என்றால், டி20 என்ற இருபதுமுகப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் வேண்டும். எட்டு காப்ளின்களுக்கும் எட்டுப் பகடைகளை ஒரே கையில் அள்ளி உருட்டி, 12ஐத் தொட்டவற்றை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் 5 சேதம் என்று சொன்னால் வேலை முடிந்தது. ஒரே எச்சரிக்கை, எட்டும் ஒரே நேரத்தில் ஒருவர் மேல் பாய்ந்தால் ஏழெட்டு ஹிட் பாயிண்ட் உள்ள முதல் நிலை விசார்ட் வாய் திறக்கும் முன்பே விழுந்துவிடுவார். அதனால் நான் கும்பலை இரண்டாகப் பிரித்து இரண்டு இனிஷியேட்டிவ் கொடுப்பேன். ஆட்டக்காரர்கள் தம் பங்குக்குத் தாக்குதல் பகடையையும் சேதப் பகடையையும் சேர்த்தே உருட்டலாம். ஒருவர் முறை தொடங்கும்போதே "அடுத்து நீங்கள்" என்று அதற்கடுத்தவரிடம் சொல்லிவைப்பது மணற்கடிகாரம் செய்வதாகச் சொல்லப்படும் வேலையை யாரையும் நோகடிக்காமல் செய்துவிடும். விதியில் தகராறு வந்தால் அப்போதைக்கு ஒரு தீர்ப்பு, புத்தகம் புரட்டுவது ஆட்டம் முடிந்த பிறகு.

இவை எல்லாவற்றையும்விடப் பயனுள்ள கருவி பழைய பதிப்புகளில் கிடக்கிறது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட இந்த விளையாட்டு போர் விளையாட்டுகளின் வயிற்றில் பிறந்தது. அங்கே ஒரு படை கடைசி ஆள் வரை நின்று சாவது அபூர்வம். 1981ஆம் ஆண்டின் அடிப்படைத் தொகுப்பில் ஒவ்வொரு மிருகத்துக்கும் 2 முதல் 12 வரை மொரால் (மன உறுதி) எண் உண்டு. தன் தரப்பில் முதல் ஆள் விழுந்தபோதும், பாதிப் பேர் விழுந்தபோதும் டஞ்சன் மாஸ்டர் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டுவார், அந்த எண்ணைத் தாண்டினால் மிருகங்கள் ஓடும் அல்லது சரணடையும். காப்ளினுக்கு 7, எனவே ஒவ்வொரு சோதனையிலும் ஓடுவதற்கு ஏறக்குறைய 42 சதவீத வாய்ப்பு. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் இது டஞ்சன் மாஸ்டர் கையேட்டில் ஒரு விருப்ப விதியாக மட்டும் ஒதுங்கிவிட்டதால், இன்று பல மேசைகளில் காப்ளின்கள் சத்தியம் செய்துவிட்டு வந்தவர்களைப் போல ஒருவர் மிச்சமில்லாமல் செத்துக்கொண்டிருக்கிறார்கள். எட்டில் நான்கு விழுந்ததும் மற்ற நான்கும் சிதறி ஓடினால் சண்டை இரண்டு ரவுண்டு முன்னதாக முடிகிறது, துரத்துவதா வேண்டாமா என்ற கேள்வி மேசையில் உண்மையான வாக்குவாதத்தைக் கிளப்புகிறது, பிடிபட்ட ஒன்று வாயைத் திறந்தால் கதையும் நகர்கிறது.

பெரிய எதிரியோடு நடக்கும் கடைசிச் சண்டை வேறு கணக்கு. அது நீண்டால் குற்றமில்லை, இழுபறியாகக் கூடாது என்பதே கவலை. அங்கே நான் 13த் ஏஜ் என்ற விளையாட்டின் எஸ்கலேஷன் பகடையைக் கொண்டுவருகிறேன்: இரண்டாம் ரவுண்டில் மேசை நடுவே ஒரு பெரிய ஆறுமுகப் பகடையை 1 காட்டும்படி வைத்து, ரவுண்டுக்கு ஒன்றாக ஏற்றி, அந்த எண்ணை ஆட்டக்காரர்களின் தாக்குதல்களில் கூட்ட வேண்டும். மூல விளையாட்டில் அது 6 வரை ஏறும். ஐந்தாம் பதிப்பின் ஆர்மர் கிளாஸ் எண்கள் அதைத் தாங்காது என்பதால் நான் 3இல் நிறுத்திவிடுகிறேன். இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. எண் ஏறட்டும் என்று ஆட்டக்காரர்கள் தம் பெரிய ஸ்பெல்களை மூன்றாம் ரவுண்டு வரை பதுக்கிவைப்பார்கள், முதல் ரவுண்டு சப்பென்று போகும். அதனால் எதிரியின் மிகக் கொடிய தாக்குதலை முதல் ரவுண்டிலேயே இறக்கிவிடுவேன், ஹிட் பாயிண்டில் கால் பங்கைக் குறைத்துக்கொண்டு.